யாரை வெளியே தள்ளுகிறார்கள்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடி அரசியல் நூல்கள் வாசிக்கிறோம். போன மாதம் நோட்டில் கோடு போட்டு, ஒருபக்கம் மார்க்ஸ், மறுபக்கம் ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட் என்று எழுதி, “ரெண்டு பேருமே தாராளவாத மக்களாட்சி போலின்னு சொல்றாங்க” என்றேன். ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். “அது சரி, யாரை வெளியே தள்ளணும்னு சொல்றாங்க தம்பி?”

பலரும் சறுக்கும் இடம் இதுதான். தாராளவாதமும் மக்களாட்சியும் ஒன்றல்ல. பேச்சுரிமை, நீதிமன்றம், சிறுபான்மையினருக்குக் காப்பு என்று அரசின் கையைக் கட்டுவது தாராளவாதம். மக்களே ஆள்வது மக்களாட்சி. ஷ்மிட் 1920-களில் இவ்விரண்டையும் பிரித்தார். மக்களாட்சிக்கு மக்கள் ஒரே தன்மையராக இருக்க வேண்டும், வேறானவர்களை விலக்கலாம் என்றார். 1933 மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். மார்க்சோ, 1844-இல் அச்சான கட்டுரையில், அரசியல் விடுதலை பெரிய முன்னேற்றம்தான், ஆனால் அதுவே முழு விடுதலை ஆகாது என்கிறார். இருவரையும் ஒரே கோணியில் கட்டியது என் அவசரம்.

இன்னொன்று, ‘உரிமையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்’ என்று முடித்துவிடுவது. இதற்கு நம்மூரிலேயே ஆதாரம் காட்டுவார்கள்: 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது பாரிசில் ஆண்டது பிரதமர் லியோன் ப்ளூமின் இடதுசாரிக் கூட்டணி! சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் கப்பல் ஏறி இங்கே வரவில்லை. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் கேட்டது என்ன? சங்கம் வைக்கும் உரிமை, எட்டு மணி நேர வேலை. மறு ஆண்டு அது சட்டமாகவே வந்தது. ஏட்டில் ஏறியதால்தான் பிறகு அதைக் காட்டிக் கேட்க முடிந்தது.

அப்புறம், பிரதிநிதிகளைக் குறை சொன்னாலே தேர்தலுக்கு எதிரி என்று நினைப்பது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கச் சொன்னார்கள். தத்துவ அறிஞர் ரூசோ இதைக் கண்டு முகம் சுளித்திருப்பார். ஓட்டு கூடாது என்பதற்காக அல்ல, சட்டத்தை மக்களே நேரில் ஏற்க வேண்டும் என்று 1762-இல் எழுதியவர் அவர்.

இப்போது என் நோட்டில் ‘யார் வெளியே?’ என்று மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கிறது. ரூசோவுக்கு நேரே ‘பெண்கள்’ என்று எழுத வேண்டியதாயிற்று.