நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி: எத்தனை முறை?

பெரியவர்களுக்கு எண்ணிக்கையை ஊகித்துச் சொல்லாதீர்கள், அளந்து பாருங்கள். சுமார் 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 70-74 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10 என்ற எண்ணிக்கைக்குக் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல்.

வந்த எண்ணிக்கையில் பாதியில் தொடங்குங்கள். 8 வந்தால் 4 முறை, நடுவே 2 நிமிட ஓய்வோடு 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒன்று கூட்டலாம். கை ஊன்றாமல் எழவே முடியாதவருக்கு, மடித்த ஜமக்காளத்தைப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள். பஞ்சு மெத்தை அமுங்கிவிடும்.

பலர் தவறுவது உட்காரும்போதுதான். தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்கினால்தான் தொடைக்கு வேலை. எழ முடியாமல் திணறினால் பாதங்கள் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறதா பாருங்கள், சற்றே பின்னுக்கு இழுத்தால் போதும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். எழும்போது மூச்சை விடச் சொல்லுங்கள். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.