தைராய்டு உள்ளவர்கள் அமினோ அமில டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் முன்

ஹாஷிமோட்டோ (தைராய்டைக் குறைக்கும் ஆட்டோஇம்யூன் நோய்) இருக்கிறது, தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருளான டைரோசின் என்ற அமினோ அமிலம் குறைந்திருக்குமோ என்று அமினோ அமிலப் பேனல் (பல அமினோ அமிலங்களைச் சேர்த்து அளக்கும் ரத்தப் பரிசோதனை) எடுக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தைராய்டு சுரப்பி நாளொன்றுக்குத் தயாரிக்கும் டி4 ஹார்மோன் ஏறக்குறைய 80 முதல் 100 மைக்ரோகிராம். அதற்குச் செலவாகும் டைரோசின் சுமார் 50 மைக்ரோகிராம்தான். சாப்பாட்டிலோ அது கிராம் கணக்கில் வருகிறது. போதாததற்கு ஃபினைல்அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து கல்லீரலும் அதைச் செய்துகொள்கிறது. கோளாறு, உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதில் இருக்கிறது. மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. டைரோசின் பவுடர் வாங்குவது வீண் செலவு.

பார்க்க வேண்டிய அமினோ அமிலம் ஒன்று உண்டு: ஹோமோசிஸ்டீன். தைராய்டு குறைந்தால் இது ஏறும். தைராய்டு மாத்திரையான லீவோதைராக்சினால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சரியானதும் பெரும்பாலும் இறங்கும். பல லேப்கள் 5 முதல் 15 மைக்ரோமோல்/லிட்டர் வரை நார்மல் என்கின்றன. டி.எஸ்.எச்., எஃப்.டி.4 (ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் டி4), பி12 மூன்றையும் அதே ரத்தத்தில் கேளுங்கள். இவை இல்லாமல் ஹோமோசிஸ்டீன் ஏன் ஏறியது என்று சொல்ல முடியாது.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். 5, 10 மில்லிகிராம் மாத்திரை என்றால் இன்னும் சில நாள் கூடுதலாக. சில மெஷின்களில் பயோட்டின் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் எஃப்.டி.4-ஐக் கூட்டியும் காட்டும். ஹாஷிமோட்டோக்காரருக்கு கிரேவ்ஸ் (தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்) என்று ரிப்போர்ட் வந்து நிற்கும்! மல்டிவிட்டமின் அட்டையின் பின்புறத்தையும் படித்துவிடுங்கள்.

முந்தின இரவு வழக்கமான சாப்பாடு போதும். அதன்பின் 8 முதல் 10 மணி நேரம் தண்ணீர் மட்டும். வே புரோட்டீன் வேண்டாம். நாள் முழுக்கப் பட்டினி கிடப்பதும் தப்பு. லூசின், ஐசோலூசின், வேலின் என்ற அமினோ அமிலங்கள் ஏறிவிடும். காலையில் தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முன்னாலேயே போட்டால் அடுத்த சில மணி நேரம் எஃப்.டி.4 கூடுதலாகத் தெரியும். மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.

ரிசல்ட் பெரும்பாலும் கெடுவது ரத்தம் எடுத்த பிறகுதான். டியூபில் இருக்கும் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனைத் தொடர்ந்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிவப்பணுக்களைப் பிரிக்காமல் அறைச் சூட்டில் வைத்தால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் இன்னும் நாலு வீடு ஏறி இறங்கிவிட்டு 3 மணி நேரம் கழித்து லேபுக்குப் போனால், 11 என்றிருந்தது 14-ஐத் தாண்டிவிடும். ஆகவே இந்த டெஸ்டுக்கு சென்ட்ரிஃப்யூஜ் (ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) இருக்கும் லேபுக்கே நேரில் போங்கள். டியூபை ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்) பிரிப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள். ஹோமோசிஸ்டீனுக்கு வழக்கமாக ஊதா மூடி இ.டி.டி.ஏ. டியூப், முழுப் பேனலுக்குப் பச்சை மூடி ஹெப்பாரின் டியூப்.

முழுப் பேனல் ரிப்போர்ட்டில் ஆர்ஜினின் குறைந்து ஆர்னித்தின் கூடியிருந்தால், சாம்பிள் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணுக்கள் உடைந்தது) என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். உடைந்த சிவப்பணுவிலிருந்து வரும் ஆர்ஜினேஸ் என்ற நொதி ஆர்ஜினினை ஆர்னித்தினாக மாற்றிவிடும். குளுட்டமின் குறைந்து குளுட்டமேட் கூடியிருந்தால் சாம்பிள் வெளியே கிடந்திருக்கலாம். டைரோசின் கூடியிருந்தால் தைராய்டு அதிகமாகிவிட்டதா, கல்லீரலில் ஏதாவதா என்று டாக்டர் பார்ப்பார்.

டி.எஸ்.எச். நார்மல், ஹோமோசிஸ்டீன் மட்டும் கூடுதல் என்றால் பி12 பக்கம் திரும்புங்கள். ஹாஷிமோட்டோவோடு வயிற்றின் உள்சுவரைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோயும் சேர்ந்து வருவதுண்டு. அப்போது பி12 உடலில் சேராது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இன்னும் அதிகம். பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் விழுங்காதீர்கள்; ரத்தசோகை மறைந்துபோகும், நரம்புப் பாதிப்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

லீவோதைராக்சின் அளவை டாக்டர் மாற்றியிருந்தால், 6 முதல் 8 வாரம் கழித்து அதே லேபில், அதே காலை நேரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள்.