பிள்ளை பார்க்கும் அக்காவுக்கு லீவுச் சம்பளம்: நான் கணக்குப் போட்ட விதம்

காரைக்குடியில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு மாதம் 10,400 ரூபாய், வாரம் ஒரு நாள் ஓய்வு. "ஆச்சி, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகணும்" என்று அவர் கேட்டதும், வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்துவிடு என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

தொழிற்சாலைகளில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டம். வீட்டு வேலைக்கு அது பொருந்தாது என்றாலும் அதையே அளவாக எடுத்துக்கொண்டேன். மாதம் 26 வேலைநாள், வருஷம் 312, 20-ஆல் வகுத்தால் 15.6, அதில் முழு நாளை மட்டும் எடுத்து 15 நாள் லீவு. ஒரு நாள் சம்பளத்துக்கு 30-ஆல் வகுக்காதீர்கள், 347தான் வரும். ஓய்வு நாளைக் கழித்து 26-ஆல் வகுத்தால் 400. பதினைந்து நாளுக்கு 800 ரூபாய் வித்தியாசம், அது அவருக்குப் பெரிய தொகை.

அப்புறம், நாங்கள் சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போகிற நாட்கள். அவர் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறார், வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது நாங்கள், அதனால் அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் உண்டு, அவருடைய 15 நாளில் கழிப்பதும் இல்லை. மாமியாருக்கு இதில் மனசே இல்லை, ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

லீவுச் சம்பளத்தை அவர் கிளம்பும் முன்பே கையில் கொடுத்துவிடுகிறேன். அதை முன்பணமாக எழுதுவதில்லை, தீபாவளி போனஸோடு சேர்ப்பதும் இல்லை. எடுக்காத நாள் மிஞ்சினால் வருஷக் கடைசியில் நாளுக்கு 400 வீதம் பணம். எல்லாம் ஒரு நோட்டில், இருவர் கையெழுத்தோடு.