எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினால் ஹால் விளக்கு எரிகிறதா?

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினால் எங்கள் ஹால் விளக்கு தானாக எரியும். சுவிட்ச் போர்டுக்குள் இஎஸ்பி8266 (வைஃபை சிப் உள்ள சின்ன சர்க்யூட் போர்டு; கீழே 'போர்டு' என்றால் இதுதான்), ஒரு ரிலே (அந்தப் போர்டு சொன்னபடி விளக்கைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) என்று நானே கோர்த்த அமைப்பு. வைஃபை மேல், ரௌட்டர் மேல், ஆப் மேல் என்று ஒரு வாரம் பழி போட்டேன். அம்மாதான் கவனித்தார்: "போடுறப்ப ஒண்ணும் ஆகலடா, நிறுத்துறப்பதான் எரியுது."

பாதி விடை அதில் இருந்தது. ஃபேன், மோட்டார், பழைய டியூப்லைட் சோக் எல்லாமே சுருள்கள். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டினால் சுவிட்ச் முனையில் பொறி பறக்கும். 230 வோல்ட்டைவிட மிக உயரமான ஒரு துடிப்பு கணநேரம் கிளம்பும். ஹால் சுவிட்சிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர் பக்கத்தில் ஓடினால் அதை வாங்கிக்கொள்ளும். யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டார்கள் என்று போர்டு நம்பிவிடும்.

தொடும் முன் எம்.சி.பி.யை இறக்குங்கள். கடையில் வாங்கிய ஸ்மார்ட் சுவிட்ச் என்றால் அதன் சிறு முனைகளிலும் முழு மெயின் மின்சாரம் இருக்கலாம்; படி 3 அதற்கு வேண்டாம்.

படி 1: போர்டு அணைந்து எழுகிறதா, ஏமாறுகிறதா?
ஃபேனை இருபது தடவை போட்டு நிறுத்துங்கள். எத்தனை தடவை விளக்கு மாறியது என்று எழுதிவையுங்கள். இந்த எண் இல்லாவிட்டால் பின்னால் சரியானதா இல்லையா என்றே தெரியாது. ஒவ்வொரு முறையும் போர்டு வைஃபையிலிருந்து விழுந்து மறுபடி ஏறினால் கோளாறு பவர் சப்ளையில். ரிலேவுக்குத் தனி 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். போர்டு விழாமல் விளக்கு மட்டும் மாறினால் அடுத்த படி.

படி 2: சுவிட்ச் ஒயரைக் கழற்றுங்கள்
போர்டில் அந்த ஒயர் சேரும் முனையிலிருந்து (இதைப் 'பின்' என்பார்கள்) அதை எடுத்துவிட்டு மறுபடி இருபது தடவை. விளக்கு அசையவில்லையா? சரி, சத்தம் (அந்த வேண்டாத மின் துடிப்பு) ஒயர் வழியாகத்தான் வருகிறது. பொருள் வாங்கக் கடைக்குப் போவது இதற்கு அப்புறம்தான். நான் முதலிலேயே போய் ஒரு புது ரிலே வாங்கி வந்தேன், தண்டம்.

படி 3: ஒயரை அடக்குங்கள்
பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். சுவிட்ச் அழுத்தாதபோது பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்துவைப்பது புல்-அப்; சிப்புக்குள் இருக்கும் புல்-அப் பலவீனமானது. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், போர்டை ஒட்டியே. சுவிட்ச் ஒயரையும் அதன் கிரவுண்டு ஒயரையும் முறுக்கி, மெயின் ஒயர் போகும் பைப்பில் சேர்க்காமல் தனியே கொண்டுபோங்கள். புரோகிராமில், 50 மில்லிசெகண்ட் தொடர்ந்து அழுத்தியிருந்தால் மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். துடிப்பு அவ்வளவு நேரம் நிற்காது.

படி 4: ஃபேனிடமே அடக்குங்கள்
0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்ந்ததுதான் ஸ்னப்பர், துடிப்பை உறிஞ்சும் அமைப்பு. கெப்பாசிட்டர் மேல் எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரணமானதைப் போட்டால் தீப்பிடிக்கலாம். ஃபேனின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் குறுக்கே இதை எலக்ட்ரீசியனை வைத்துப் பொருத்துங்கள்.

விளக்கு ரிலேயின் முனைகளுக்குக் குறுக்கே இதைப் போட்டுவிடாதீர்கள். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டர் வழியே சுமார் 7 மில்லிஆம்பியர் கசியும். எல்.இ.டி பல்புக்கு அதுவே போதும். அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும்.

ஃபேன் இல்லாமலே விளக்கு கண்டபடி மாறுகிறதா? பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கே கரகரப்பு ஏறுகிறதோ அங்கே ஏதோ ஒன்று சத்தம் போடுகிறது. எங்கள் வீட்டில் பூஜை அறையின் மலிவான சீரியல் விளக்குதான் எல்லாவற்றையும்விட அதிகம் இரைந்தது.