மாலை வானொலி கேட்க வீட்டையும் காதையும் தயார் செய்வது எப்படி?

மாலையில் வானொலிக் கச்சேரி கேட்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குக் குக்கரை வைத்துவிட வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. தோடி ராக ஆலாபனை மெல்ல மேலேறும் நேரத்தில் விசில் அடித்தால் போனது போனதுதான். விளக்கு வைப்பதற்குள் சமையல் இறங்கிவிடட்டும். மிக்ஸி வேலை மறுநாளைக்கு.

அடுத்தது பெட்டி. அகில இந்திய வானொலியின் கோவை நிலையம் மத்திய அலையில் (மீடியம் வேவ்) 999 கிலோஹெர்ட்ஸ். முள் வைத்த பழைய பெட்டியில் ஆயிரத்துக்கு ஒரு மயிரிழை முன்னால். மேலே நீட்டும் கம்பியை இழுத்துப் பயனில்லை, அது பண்பலைக்கு உரியது. மத்திய அலையைப் பிடிப்பது உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் தண்டு, அதாவது கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி. பெரும்பாலும் அது நீளவாக்கில் இருப்பதால், பெட்டியின் அகலப் பக்கம் நிலையத்தைப் பார்த்தால் ஒலி ஓங்கும். முனை பார்த்தால் தேயும். அவிநாசிப் பக்கத்தில் இருக்கும் நாங்கள் தென்மேற்கே பார்க்க வைக்கிறோம்.

இதே குணத்தை இரைச்சலுக்கு எதிராகவும் பயன்படுத்தலாம். இரைச்சல் வரும் திசைக்குப் பெட்டியின் முனையைக் காட்டுங்கள், பாதி அடங்கும். மலிவான எல்இடி பல்பு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர், விசிறி ரெகுலேட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். மின்சாரம் போனால் வருந்தவே வேண்டாம். பக்கத்துத் தறிக்குடோனும் ஓய்ந்த அந்த நேரத்தில்தான் தம்புரா முழுதாகக் காதில் விழும். அதனால் அடாப்டரை ஒதுக்கிவிட்டுப் பேட்டரி செல் போட்டே கேட்கிறேன்.

வானொலியின் கைபேசிச் செயலியில் கேட்பதிலும் தவறில்லை. சாஸ்திரிய இசைக்கென்றே 2016இல் தொடங்கிய ‘ராகம்’ அலைவரிசை அதில்தான் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் இணையத்தில் வரும் ஒலி சற்றுப் பின்தங்கும். அறைக்கு ஒன்றாகப் பெட்டியும் கைபேசியும் பாடினால் வீடே எதிரொலிக்கும், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

மடியில் ஒரு நோட்டு வேண்டும். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்று அறிவிப்பாளர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கொஞ்சம் பழகியவர்கள் அப்போது காதைப் பொத்திக்கொண்டு, ராகத்தைத் தாமே கண்டுபிடிக்க முயலலாம். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்திமம் ஒன்றுதான் வேறு; அந்த ஒரு சுரத்துக்குக் காத்திருப்பதே நல்ல பயிற்சி. மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தேடி எழுந்துவிடுவார். சபாக்களிலும் இந்தக் கூட்டம் உண்டு! நீங்கள் எழ வேண்டாம். ஆதி தாளமென்றால் ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு முறை தட்டி வீச்சு என்று எட்டையும் கையில் போட்டுக்கொண்டே கேளுங்கள். மிருதங்கக்காரர் எங்கே ஒளிந்து எங்கே வந்து சேர்கிறார் என்பது கைக்குத் தெரியும்.

பக்தி இசை நேரத்தில் தேவாரம் வந்தால் திருமுறைப் புத்தகத்தை விரித்துக்கொள்ளுங்கள். நம் கொங்குப் பதிகங்களிலிருந்தே தொடங்கலாம். முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட அவிநாசிப் பதிகம் குறிஞ்சிப் பண்; பண் என்றால் பழந்தமிழ் ராகம். ஓதுவார்கள் அதை அரிகாம்போதியில் பாடுவார்கள். கொடுமுடியின் நமச்சிவாயப் பதிகம் பழம்பஞ்சுரம், அதாவது சங்கராபரணம். கச்சேரியில் கேட்ட அதே ராகம் இங்கே சொல்லுக்கு அடங்கி நடப்பதைக் கவனியுங்கள். எனக்கு இதற்குப் பிறகுதான் பண் என்பது என்னவென்றே புரிந்தது.

உரைகளுக்குக் கை வேலை வைத்துக்கொள்ளலாம். மொச்சை உரிப்பது, விளக்குத் திரி திரிப்பது போலச் சத்தமில்லாத வேலையாக இருக்கட்டும். எல்லாவற்றையும் குறிக்கப் போனால் பேச்சு ஓடிவிடும். பேச்சாளர் சொன்ன நூலின் பெயரையோ ஊரின் பெயரையோ மட்டும் எழுதுங்கள். நூலகத்தில் கேட்க அது போதும்.

இருட்டிய பிறகு மத்திய அலை வெகு தூரம் போகும். கோவையில் அன்று பிடித்தது எதுவும் இல்லையென்றால் முள்ளைச் சற்றுக் கீழே இறக்கி 936இல் திருச்சியைத் தேடிப் பாருங்கள். வெளியூர் போகும் முன் செல்லைக் கழற்றி வையுங்கள்; கசிந்தால் ஸ்பிரிங் அரித்துவிடும்.