மப்பு போட்ட நாளில் வெயிலை அளக்க

ஒரு மே மாதம் கொடைக்கானலில், மப்பும் மந்தாரமுமாகத்தானே இருக்கிறது என்று தொப்பியை அறையிலேயே விட்டுவிட்டு ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டினேன். ராத்திரி மூக்கும் பின்கழுத்தும் எரிந்தன. "பனிக்காத்து பட்டிருக்கும்" என்றார் அண்ணி. ஊருக்கு வந்ததும், தோலை எரிக்கும் புற ஊதாக் கதிரை அளக்கும் கையடக்க யூவி மீட்டர் ஒன்று வாங்கினேன்.

நடுப்பகலில், சுவரோ மரமோ மறைக்காத மொட்டை மாடிக்குப் போங்கள். மீட்டரைச் சூரியன் பக்கம் சாய்க்காமல், அதன் கண் நேரே மேலே பார்க்கும்படி வையுங்கள். யூவி இண்டெக்ஸ் என்பது கிடைமட்டப் பரப்பில் விழும் புற ஊதாவின் கணக்கு. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சிறிய வட்ட அட்டையைக் குச்சியில் ஒட்டி, கையை நீட்டிப் பிடித்து, அதன் நிழல் மீட்டரின் கண்ணில் மட்டும் விழச் செய்யுங்கள். இப்போது காட்டுவது வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் பங்கு.

மதுரையில் எங்கள் மாடியில், தெளிவான நாளில் 11 காட்டியது அட்டை பிடித்ததும் 5 ஆனது. குறுகிய அலைகளைக் காற்று அதிகமாகச் சிதறடிப்பதால், நீல வானமே கிட்டத்தட்ட பாதியைக் கொட்டுகிறது. குடைக்குள் நின்றாலும் கறுப்பது இதனால்தான்.

மெல்லிய வெண்மேகம் மூடிய நாளில் 9; அட்டை பிடித்தால் 7. மொத்தம் அவ்வளவாகக் குறையவில்லை, வரும் வழிதான் மாறியிருக்கிறது. மேகத்தின் நீர்த்துளிகள் வெப்பக் கதிரை நன்றாக உறிஞ்சும். புற ஊதாவை உறிஞ்சுவதேயில்லை என்றே சொல்லலாம், சிதறடிக்கத்தான் செய்யும். தோலுக்குக் குளுகுளுவென்றிருக்கும், எரிக்கும் வேலை நடந்துகொண்டேயிருக்கும். கனத்த மழைமேகம் என்றால் கதை வேறு: அதில் பட்டுப் பெரும்பகுதி மேலேயே திரும்பிப் போய்விடும், எனக்கு 2 தான் கிடைத்தது. நிழலே விழாதபோது அட்டையும் வேண்டாம்.

பஞ்சுப்பொதி மேகங்களின் இடைவெளியில் சூரியன் தெரியும் நேரத்தை மட்டும் விடாதீர்கள். ஒருமுறை 13 காட்டியது. மீட்டர் பழுது என்றே நினைத்தேன். நேர்வெயில் முழுசாக விழ, மேகங்களின் பக்கவாட்டில் பட்டுத் தெறிப்பதும் அதோடு சேர்கிறது. ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அதனால் பத்து நிமிடம் பார்த்து, உச்சத்தையும் தாழ்வையும் எழுதி வையுங்கள்.

மலிவு மீட்டரின் எண்ணை அப்படியே நம்பவேண்டாம், வித்தியாசத்தை நம்பலாம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அளப்பதும் வீண். எரிக்கும் யூவி-பி கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும். இண்டெக்ஸ் 3 வந்துவிட்டால் பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. மலையில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். மப்பு நாளானாலும் தொப்பியை எடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.