தேரி மணலில் கோடைத் தோட்டம்

திசையன்விளைப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்புறம் முழுக்கத் தேரி என்கிற செம்மணல்தான். காலையில் குடம் குடமாக ஊற்றினாலும் மதியத்துக்குள் கத்தரிச்செடி துவண்டுவிடும். தண்ணீருக்குக் குறைவில்லை, மணலால் அதைப் பிடித்துவைக்க முடியவில்லை.

சரிசெய்தது கரம்பைதான். கோடையில் குளம் வற்றியதும் அனுமதி வாங்கி அள்ளிவந்த வண்டலைக் காயவைத்து, கட்டிகளைத் தட்டி உடைத்து, ஆட்டுப்புழுக்கையோடு சேர்த்து மேல்மண்ணில் கொத்திவிட்டேன். ஈரமணலைக் கையில் பிடித்தால் முன்பெல்லாம் பொலபொலவென உதிரும். இப்போது பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் தடம் பதிந்து நிற்கிறது.

கரம்பை போடும் முன்பே பாத்திக்கு அடியில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, குழிவான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கியிருந்தேன். அது நீரை உறிஞ்சி வைத்து வேருக்கு மெதுவாகக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பனையோலை மூடாக்கு. இதை மட்டும் விடவே கூடாது என்பேன். வெயில் போதாதென்று ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று வேறு ஈரத்தை உறிஞ்சிவிடும்.

அப்புறம், தண்ணீரைக் காலை, மாலை இரண்டு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். மணலில் மொத்தமாக ஊற்றினால் உரச்சத்தும் சேர்ந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். எருவும் இந்தச் சூட்டில் சீக்கிரம் மக்கித் தீர்ந்துவிடுவதால், புழுக்கையை வருஷாவருஷம் சேர்க்க வேண்டும்.